இரவல் கோடரி

தியானப் பகுதி: 2 இராஜாக்கள் 6:1-7
சேர்த்து வாசிக்க: யாத்திராகமம் 22:14,15; லேவியராகமம் 6:1-7; லூக்கா 19:1-10



பாடத்துக்குள் போகுமுன் வேதாகமத்தைத் திறந்து மேலே குறித்த ஏழு வசனங்களையும் ஒருமுறை நிதானமாக வாசித்துவிடுங்கள். வசனங்களை நான் இங்கே எழுதி வைக்கவில்லை. எழுதினால் நம்மில் பலர் வேதத்தைத் திறக்காமலேயே பாடத்தை முடித்துவிடுவோம். அந்தப் பழக்கம் எனக்கும் உண்டு.

வாசித்தாயிற்றா? இப்போது கேளுங்கள். இந்தப் பகுதியை வைத்து நீங்கள் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருப்பீர்கள். கோடரி என்பது அபிஷேகம், தண்ணீர் என்பது உலகம், எலிசா வெட்டிப்போட்ட கொம்பு என்பது சிலுவை, இழந்துபோன அபிஷேகம் சிலுவையினாலே திரும்ப மிதந்து வரும். வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்த நாட்களிலேயே இந்த மூன்று குறிப்புகளையும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். எத்தனையோ கூட்டங்களில் இதையே பிரசங்கித்தும் இருக்கிறேன். ஜனங்கள் கைதட்டி ஆர்ப்பரித்தார்கள். அந்தப் பிரசங்கம் தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வாலிபன் தண்ணீரைப் பார்த்து அலறினானே, எதற்காக அலறினான் என்பதை மட்டும் நான் பல வருஷமாகத் தாண்டித் தாண்டிப் போய்விட்டேன். ஏன் தாண்டினேன் என்பதை இந்தப் பாடத்திலே சொல்லப்போகிறேன்.

1. இடம் நெருக்கமானபோது

எலிசாவோடிருந்த தீர்க்கதரிசிகளின் புத்திரருக்கு இடம் போதவில்லை. ஆத்துமாக்கள் பெருகுகிற இடத்தில் வருகிற சந்தோஷமான நெருக்கடி அது. யோர்தானுக்குப் போய் ஆளுக்கொரு மரம் வெட்டி வருவோம் என்று அவர்களே யோசனை சொல்லுகிறார்கள். எலிசாவும் கூடவே போகிறார். அவர்களிடம் பெரிய பணம் இருந்ததாகத் தெரியவில்லை. கையில் கோடரியோடு காட்டுக்குப் போகிறார்கள். அந்தக் கோடரியும் ஒருவனுக்குச் சொந்தமில்லை.

வேலை தேவனுடைய வேலை. கூட இருப்பவர் தேவனுடைய மனுஷன். போனது உத்தரவு வாங்கிக்கொண்டுதான். இருந்தும் இரும்பு கழன்று தண்ணீரில் விழுந்தது! கர்த்தருடைய வேலை செய்கிறவன் கையில் எதுவும் கெட்டுப்போகாது என்று நினைக்காதிருங்கள். கெட்டுப்போகும். கெட்டுப்போனபின் அவன் என்ன செய்கிறான் என்பதிலேதான் சீஷத்துவம் தெரியும்.

2. அவன் அலறியது எதற்காக?

அவன் தன் வேலை நின்றுபோனதே என்று அழவில்லை. கட்டடம் தாமதமாகுமே என்று அழவில்லை. ஐயையோ, இது நம்முடையது இல்லையே, கேட்டு வாங்கி வந்ததாயிற்றே என்றுதான் பதறுகிறான்.

எபிரெய மொழியில் அந்த இடத்தில் வருகிற சொல் 'ஷாவூல்'. கேட்கப்பட்டது, கேட்டு வாங்கப்பட்டது என்று அர்த்தம். ராஜாவாகிய சவுலின் பெயரும் இதே சொல்தான். இன்னொரு காரியத்தையும் கவனியுங்கள். யாத்திராகமம் 22:14-ல் ஒருவன் அயலானிடத்தில் ஒரு மிருகத்தை இரவல் வாங்கினால் என்று ஆரம்பிக்கிற சட்டத்திலும் இதே வேர்ச்சொல்தான் வருகிறது. ஆகவே அந்த வாலிபன் வாயில் அந்தச் சொல் வந்தபோது, மோசேயின் சட்டம் தெரிந்த எவனுக்கும் அந்தப் பிரமாணம் ஞாபகம் வந்திருக்கும். அந்தச் சட்டம் என்ன சொல்லுகிறது? இரவல் வாங்கினது சேதப்பட்டாலோ செத்துப்போனாலோ, உடையவன் அப்போது கூட இல்லாதிருந்தால், வாங்கினவன் ஈடு செலுத்தவேண்டும். உடையவன் கூடவே இருந்திருந்தால் வேண்டியதில்லை. எவ்வளவு நியாயமான சட்டம் பாருங்கள்! யோர்தான் கரையில் கோடரிக்குச் சொந்தக்காரன் கூட இருந்ததாக வேதம் சொல்லவில்லை.

அந்த நாட்களில் இரும்பு லேசாகக் கிடைக்கிற பொருளல்ல. சவுல் ராஜாவின் காலத்தில் இஸ்ரவேல் தேசம் எங்கும் ஒரு கொல்லன்கூட இல்லாமல், கோடரியைத் தீட்டுவதற்கே பெலிஸ்தரிடம் போகவேண்டியிருந்தது என்று 1 சாமுவேல் 13-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். எலிசாவின் காலம் அதற்கு வெகுகாலம் பிந்தியதுதான். ஆனாலும் ஏழை வாலிபன் ஒருவனுக்கு ஒரு கோடரி என்பது பெரிய தொகை.

கடன் என்ன செய்யும் என்று அவன் கண்ணாரப் பார்த்தும் இருக்கலாம். இரண்டே அதிகாரங்களுக்கு முன்னால், 2 இராஜாக்கள் 4-ல், அதே தீர்க்கதரிசிகளின் கூட்டத்தில் ஒருவர் இறந்துபோகிறார். கடன் கொடுத்தவன் அவருடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்கிக்கொள்ள வாசலில் வந்து நிற்கிறான். கர்த்தர் எண்ணெயைப் பெருகச் செய்தார். எதற்கு? முதலாவது கடனைத் தீர்க்க. மீதியானதில்தான் பிழைக்க. இந்த வரிசையை மாற்றாதிருங்கள்! அற்புத எண்ணெய் வந்தவுடன் அந்தத் தாய் கடன்காரனை மறந்துவிடும்படி எலிசா விடவில்லை.

ஆகவே எலிசாவின் ஊழியத்தில் நடந்த இந்த இரண்டு அற்புதங்களும் ஒரே காரியத்துக்காக நடந்திருக்கின்றன. தேவ ஜனங்களுடைய கையிலிருந்து அடுத்தவனுக்குப் போகவேண்டியது போய்ச் சேரவேண்டும். அதற்காகக் கர்த்தர் எண்ணெயையும் பெருக்கினார், இரும்பையும் மிதக்கச் செய்தார்.

3. என் கையில் கரிந்த மெஷின்

இப்போது என் கதைக்கு வருகிறேன். சபையார் சிலருக்கு இது ஏற்கெனவே தெரியும். பலிபீடத்தின் முன் நின்று சொல்லியிருக்கிறேன்.

வாரநாட்களில் நான் எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். 2018-ம் வருஷம் நம்முடைய ஜெபவீட்டை நீட்டிக் கட்டினோம். இடம் நெருக்கமாயிருந்தது, அந்தத் தீர்க்கதரிசிகளின் புத்திரருக்கு இருந்ததுபோலவே. வயரிங் வேலை என் பொறுப்பு. கான்கிரீட் பீமில் ஓட்டை போட என்னிடமிருந்த சின்ன மெஷின் தாங்காது. ஆகவே என்னோடு தொழில் செய்கிற ஒரு அண்ணாச்சியிடம் அவருடைய பெரிய ஹாமர் மெஷினைக் கேட்டு வாங்கிவந்தேன். அவர் நம்முடைய விசுவாசத்தைச் சேர்ந்தவரல்ல. ஆனால் அவருடைய வீட்டம்மா, நான் மதினி என்று கூப்பிடுவேன், அப்போது நம்முடைய வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு ஆறேழு மாதமாக வந்துகொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிரதிஷ்டை. வெள்ளி ராத்திரி வரைக்கும் வேலை. மெஷினுக்கு ஓய்வு கொடுக்காமல் அழுத்தி அழுத்தி ஓட்டினேன். ஒரு கட்டத்தில் சத்தம் மாறியது. புகை வந்தது. காயில் கரிகிற வாடை அடித்தது. தொழில்காரனுக்கு அந்த வாடை ஒன்றே போதும். ஆர்மேச்சர் போய்விட்டது என்று அப்பவே தெரிந்துவிட்டது.

மெஷினைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, அன்று ராத்திரியே அண்ணாச்சி வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வீட்டில் இல்லை. மதினிதான் வாங்கி வைத்தார்கள். "வேலை நல்லபடியா முடிஞ்சுதா பாஸ்டர்?" என்று கேட்டார்கள். நான் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் கேட்கிறது. "முடிஞ்சுது மதினி, ஸ்தோத்திரம்!"

பிரதிஷ்டை ஆராதனை நன்றாக நடந்தது. அந்நியபாஷை, தீர்க்கதரிசனம், எல்லாம் இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து மதினி உபவாச ஜெபத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் பாரத்தோடு ஜெபித்தோம். அந்த ஆத்துமாவைத் தடைசெய்கிற சத்துருவின் கிரியைகளை இயேசுவின் நாமத்தில் கட்டினோம். நான்தான் முன்னின்று கட்டினேன். மாதக்கணக்கில் கட்டினேன்.

நாலு வருஷம் ஓடிவிட்டது. நான் அந்தக் காரியத்தை மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். ஞாபகம் வரும்போதெல்லாம் என் மனசுக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என்னென்ன சொன்னேன் என்று எழுதுகிறேன். உங்களுக்கும் பழக்கமான சமாதானங்களா பாருங்கள்.

முதலாவது, அது பழைய மெஷின்தானே, இன்றில்லாவிட்டால் நாளைக்குப் போயிருக்கும். இரண்டாவது, அண்ணாச்சிக்குக் கையில் காசு புழங்குகிறது, எனக்குத்தான் கஷ்டம். மூன்றாவது, நான் என் சொந்த வேலைக்கா வாங்கினேன், கர்த்தருடைய வீட்டு வேலைக்குத்தானே! நாலாவது, இதைப் போய்ச் சொன்னால் ஊழியத்தின் பெயர் கெட்டுவிடும், சாட்சி போய்விடும்.

இந்த நாலில் எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது. அதிலேதான் தேவனுடைய நாமத்தைப் போர்வையாகப் போர்த்திக்கொள்ள முடிந்தது.

2022-ல் ஒரு வெள்ளிக்கிழமைக்காக இதே 2 இராஜாக்கள் 6-ம் அதிகாரத்தை எடுத்து ஆயத்தம்பண்ணினேன். பழைய நோட்டைப் பார்த்து மூன்று குறிப்பையும் எழுதினேன். கோடரி, அபிஷேகம். தண்ணீர், உலகம். அதற்குமேல் பேனா ஓடவில்லை. ஐந்தாம் வசனத்தின் கடைசிப் பகுதி என்னைப் பிடித்துக்கொண்டது. அந்த வாலிபனும் கர்த்தருடைய வீட்டு வேலைக்குத்தான் வாங்கினான். ஆனால் அதைச் சொல்லி அவன் தப்பித்துக்கொள்ளவில்லையே! அந்தச் சமாதானம் அவனுக்குத் தோன்றக்கூட இல்லையே!

என் மனைவியிடம் சொன்னேன். நாலு வருஷத்தில் அவளிடம்கூடச் சொன்னதில்லை. அவள் சண்டை போடவில்லை. "பிரசங்கத்துக்கு முன்னால போய்ட்டு வந்திருங்க. பொறவு பிரசங்கம் பண்ணுங்க" என்று மட்டும் சொன்னாள்.

4. வேதம் போடுகிற கணக்கு

எவ்வளவு கொண்டுபோவது? வேதத்திலேயே தேடினேன்.

லேவியராகமம் 6-ம் அதிகாரத்தின் ஆரம்பத்தில், அயலானை ஏமாற்றினவன், ஒப்புவிக்கப்பட்டதை மறுத்தவன், கண்டெடுத்ததை மறைத்தவன், எல்லாரையும் கர்த்தர் ஒரே வரிசையில் வைக்கிறார். அயலானுக்குச் செய்ததைத் தமக்கே செய்த துரோகமாக எண்ணுகிறார். அவன் முழுத்தொகையையும் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டிக் கொடுக்கவேண்டும். எப்போது? தன் குற்றநிவாரண பலியைக் கொண்டுவருகிற அந்த நாளிலே. உடையவனுக்குக் கொடுக்கிறது ஒரு நாள், கர்த்தருக்குப் பலி கொண்டுவருகிறது வேறொரு நாள் என்று பிரித்துவைக்க இடமில்லை. இரண்டும் ஒரே நாளில் நடக்கவேண்டும்.

மத்தேயு 5:23,24-ல் ஆண்டவர் இதையே இன்னும் நெருக்கிச் சொல்லுகிறார். காணிக்கையோடு பலிபீடம் வரைக்கும் வந்துவிட்டவன்கூட, தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போகவேண்டும். காணிக்கை காத்திருக்கும். கர்த்தரும் காத்திருப்பார்.

இங்கே ஒரு காரியம் சொல்லவேண்டும், கோபப்படாதிருங்கள். அடுத்தவனுக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுக்காமல், அதற்குப் பதிலாகச் சபையில் காணிக்கை போட்டுச் சரிக்கட்ட முடியாது. தாய் தகப்பனுக்குச் சேரவேண்டியதைத் தேவனுக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லித் தப்பித்த பரிசேயரை மாற்கு 7-ல் ஆண்டவர் எப்படிக் கடிந்துகொண்டார் என்று வாசியுங்கள். மளிகைக்கடை பாக்கியை வைத்துக்கொண்டு கட்டட நிதிக்கு அள்ளிக்கொடுக்கிற விசுவாசியே, உன் பாஸ்டர் அதை வாங்கிக்கொள்ளலாம், கர்த்தர் அதை எப்படிப் பார்க்கிறார் என்று நீயே அவரிடத்தில் கேட்டுப்பார்.

சகேயுவைப் பாருங்கள். தானாக அறிக்கையிட்டு வருகிறவனுக்குச் சட்டம் கேட்பது முதலும் ஐந்தில் ஒரு பங்கும்தான். ஆட்டைத் திருடி விற்றவனுக்குத்தான் நாலு மடங்கு என்று யாத்திராகமம் 22:1 சொல்லுகிறது. சகேயு எதைத் தெரிந்துகொண்டான்? அறிக்கையிடுகிறவனுக்குரிய சலுகையை அவன் கேட்கவில்லை. திருடனுக்குரிய நாலு மடங்கைத் தானே எடுத்துக்கொண்டான். நான் திருடன்தான் என்று தன் வாயால் ஒத்துக்கொண்டதற்குச் சமம் அது.

5. இது கிரியையினால் வருகிற இரட்சிப்பா?

இல்லவே இல்லை. இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளவேண்டும். சகேயு பணத்தை எண்ணிவைத்த பிறகு இயேசு மரத்தடிக்கு வரவில்லை. அவன் மரத்தின்மேல் இருக்கும்போதே, ஒரு பைசா திருப்பிக் கொடுக்காதபோதே, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உன் வீட்டில் தங்கப்போகிறேன் என்றார். கிருபை முதலில் வீட்டுக்குள் போனது. அதற்குப் பிறகு பணப்பெட்டி திறந்தது. ஈடு செலுத்துவதினாலே ஒருவனும் இரட்சிக்கப்படுவதில்லை. ஆனால் இரட்சிக்கப்பட்டவனுடைய பணப்பெட்டி மூடியே இருந்தால், இயேசு அந்த வீட்டுக்குள் எந்த அறை வரைக்கும் வந்திருக்கிறார் என்று கேட்கவேண்டியிருக்கிறது.

பிலேமோனுக்கு எழுதின நிருபத்தையும் பாருங்கள். ஒநேசிமு எஜமானை விட்டுப் பிரிந்து போனவன். பவுலிடம் வந்து இரட்சிக்கப்பட்டான். இப்போது கிறிஸ்துவுக்குள் எல்லாம் புதிதாயிற்று, பழைய கணக்கை விட்டுவிடு என்று பவுல் எழுதினாரா? அவனைத் திருப்பி அனுப்புகிறார். ஏதாவது கடன் இருந்தால் என் பெயரில் எழுதிக்கொள், நான் தருகிறேன் என்று தன் கையாலே எழுதிக் கொடுக்கிறார். கணக்கு இல்லையென்று சொல்லவில்லை. கணக்கைத் தானே ஏற்றுக்கொண்டார். நம்முடைய ஆண்டவர் நமக்காகச் செய்ததும் இதுதானே! நாம் ஒருபோதும் தீர்க்கமுடியாத கடனை அவர் தம்முடைய இரத்தத்தினாலே தீர்த்தார். அவ்வளவு பெரிய கடன் தீர்ந்தவன், தன் கையால் தீர்க்கக்கூடிய சின்னக் கடனை வைத்துக்கொண்டு ஒளிந்து திரியலாமா?

6. எழுப்புதல் வந்த இடங்களில்

நாம் எழுப்புதலுக்காக ஜெபிக்கிறோம். எழுப்புதல் வந்த இடங்களில் என்ன நடந்தது என்று பார்த்தால் இந்தக் காரியம் விளங்கும்.

1907 ஜனவரியில் கொரியா தேசத்துப் பியோங்யாங் பட்டணத்தில் பெரிய எழுப்புதல் உண்டாயிற்று. சீனாவில் ஊழியம் செய்த கனடா தேசத்து மிஷனரி ஜோனத்தான் கோஃபோர்த் அதே வருஷத்தில் அங்கே போய்ப் பார்த்து, அதைப் பற்றி எழுதியிருக்கிறார். கூட்டங்கள் நடந்தும் ஏதோ ஒரு தடை இருந்ததாம். அப்போது சபை மூப்பராகிய கில் சன்ஜூ சபையாருக்கு முன்பாக எழுந்து நின்றார். மரணப்படுக்கையிலிருந்த நண்பர் ஒருவர் தன் சொத்து விவகாரங்களைக் கவனித்துக்கொள்ளும்படி தன்னிடம் ஒப்புவித்ததையும், அந்த விதவையின் பணத்தில் நூறு டாலரைத் தான் எடுத்துக்கொண்டதையும் அறிக்கையிட்டார். தானே தேவனுக்குத் தடையாக இருந்ததாகச் சொல்லி, அந்தப் பணத்தை மறுநாள் காலையிலே திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். அதன்பின் அந்தக் கூட்டத்தில் பாவ உணர்வு வெள்ளம்போல் வந்தது. அதே வருஷத்தில் கொரியர்களில் முதல்முதலாகப் பிரஸ்பிட்டேரியன் போதகர்களாக அபிஷேகம் பெற்ற ஏழு பேரில் அவரும் ஒருவர்.

அதற்கு முந்தின வருஷம், 1906-ல், லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டணத்தின் அசூசா தெருவில் வில்லியம் சீமோர் நடத்தின கூட்டங்களிலிருந்துதான் பெந்தெகொஸ்தே எழுப்புதல் தேசங்களுக்குப் பரவியது என்று பெருமையாகச் சொல்லுகிறோம். அந்த ஊழியத்தின் பத்திரிகையில் அந்நியபாஷை சாட்சிகளோடுகூட, பழைய கடனைத் தீர்த்தவர்கள், எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தவர்கள் சாட்சிகளும் வந்தன. அக்கினியை மட்டும் நாம் கேட்கிறோம். அந்த அக்கினி எதைச் சுட்டெரித்தது என்று கேட்பதில்லை.

கொரியாவின் அந்த மூப்பர் தானே தடை என்று சொன்னதை நான் ஏற்கெனவே வாசித்திருந்தேன். பிரசங்கத்தில் உதாரணமாகவும் சொல்லியிருக்கிறேன். ஆனால் நான் மாதக்கணக்கில் கட்டின தடை யார் என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை.

7. அண்ணாச்சி வீட்டுத் திண்ணையில்

ரீவைண்டிங் கடையில் விசாரித்தேன். அந்த மெஷினுக்கு ஆர்மேச்சர் கட்ட 1,400 ரூபாய் ஆகும் என்றார்கள். மறுநாள் வேலைக்கு எடுத்துப்போய் மெஷின் ஓடாமல் ஒரு நாள் கூலியும் அவருக்குப் போயிருக்கும். அது 800 என்று வைத்தேன். ஆக 2,200. ஐந்தில் ஒரு பங்கு 440. மொத்தம் 2,640 ரூபாய். கையில் முழுசாக இல்லை. ஒரு வாரம் சேர்த்து எடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை காலையில் போனேன்.

அண்ணாச்சி திண்ணையில் உட்கார்ந்து ஒரு பிளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"வா தம்பி. என்ன காலங்காத்தால?"

"அண்ணாச்சி, ஒரு விஷயம் சொல்லணும். ஜெபவீட்டு வேலைக்கு உங்க ஹாமர் மெஷினை வாங்கிட்டுப் போனேம்லா. அது என் கையிலதான் கரிஞ்சுது. சொல்லாமக் கொண்டாந்து வச்சிட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. திருகாணியைக் கழற்றிக்கொண்டேயிருந்தார்.

"தெரியும். பெட்டியைத் தொறந்த ஒடனே வாடை அடிச்சுதுல்லா. நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். ஒரு வாரம் பாத்தேன். பொறவு விட்டுட்டேன்."

சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். 'விட்டுட்டேன்' என்று அவர் சொன்னது மெஷினையா, என்னையா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு அவரே சொன்னார். "வேற யார்ட்டயும் சொல்லல. ஒம்மதினிட்ட மட்டுந்தான் சொன்னேன். அவதான், பொய் சொல்லுத எடத்துல போயி நான் என்னத்த முழங்கால் போடன்னு நின்னுட்டா."

பிரியமானவர்களே, நான் மாதக்கணக்கில் கட்டின பிசாசு யார் என்று இப்போது புரிகிறதா?

கவரை நீட்டினேன். அவர் பிரித்து எண்ணினார். "இதென்ன 2,640? என்ன கணக்கு?" லேவியராகமத்துக் கணக்கைச் சொன்னேன். முதல்முறையாகச் சிரித்தார். "ஒங்க மோசே கறாரான ஆளுதான் போல." முழுப்பணத்தையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வேண்டாம் தம்பி என்று திருப்பிக் கொடுப்பார் என்று என் மனசின் ஒரு ஓரத்தில் ஒரு நப்பாசை இருந்தது. அவர் கொடுக்கவில்லை. கொடுக்காததுதான் நல்லது.

உள்ளே மதினி நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாம் கேட்டிருப்பார்கள். அவர்களிடமும் மன்னிப்புக் கேட்டேன். பதில் ஒன்றும் சொல்லவில்லை. காப்பி கொண்டுவந்து வைத்தார்கள்.

அன்று ராத்திரி உபவாச ஜெபத்தில் நான் மூன்று குறிப்புப் பிரசங்கத்தைச் செய்யவில்லை. நடந்ததைச் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. ஆனால் கூட்டம் முடிந்தபின் வெகுநேரம் ஒருவரும் எழுந்து போகவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் சபையில் பலர் பல வீட்டு வாசல்களுக்குப் போனதை நான் அறிவேன். அது அவரவர் சாட்சி. நான் எழுதுவது சரியல்ல.

8. நாம் செய்யவேண்டியது

எலிசா முதலாவது கேட்டது, அது விழுந்த இடம் எது என்பதே. அந்த வாலிபன் விரலை நீட்டிக் காட்டினான். யோர்தான் முழுவதையும் காட்டவில்லை, அந்த இடத்தைக் காட்டினான். ஆண்டவரே, தெரிந்தும் தெரியாமலும் செய்த சகல பாவங்களையும் மன்னியும் என்று மொத்தமாக ஜெபிக்கிறோம். விழுந்த இடத்தைக் குறிப்பாகக் காட்டுவதில்லை. காட்டுகிற இடத்தில்தான் கொம்பு விழும்.

இரும்பு மிதந்தபின்பு எலிசா அதைத் தன் கையால் எடுத்துக் கொடுக்கவில்லை. அவனையே எடுக்கச் சொன்னார். அவன் கையை நீட்டவேண்டியிருந்தது. மிதக்கச் செய்வது கர்த்தருடைய வேலை. எடுத்துக்கொண்டுபோய் உடையவனிடம் சேர்ப்பது நம்முடைய வேலை.

சிலருக்கு வரக்கூடிய கேள்விகள்:

கொடுக்கவேண்டிய ஆள் இறந்துபோயிருந்தால்? அவருடைய குடும்பத்தாரைத் தேடுங்கள். வாங்கிக்கொள்ள உறவினர் ஒருவரும் இல்லாதபோது அது கர்த்தருக்கு உரியதாகும் என்று எண்ணாகமம் 5:8 வழிகாட்டுகிறது. ஆனால் தேடிப்பார்த்த பின்புதான்.

முழுத்தொகையும் கையில் இல்லாவிட்டால்? போய்ச் சொல்லுங்கள். மாதம் இவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள். பணம் சேர்ந்தபின் போகலாம் என்று காத்திருந்தால் பணமும் சேராது, கால்களும் நகராது.

சொன்னால் மூன்றாவது ஒருவருக்கு ஆபத்து வருமென்றால்? பொருள், பணம் சம்பந்தமான காரியங்களில் பெரும்பாலும் இந்தப் பிரச்சனை வராது. ஆனால் ஒரு குடும்பம் உடையும், ஒருவருடைய மானம் போகும் என்கிற காரியமானால், அவசரப்பட்டு வெளியே பேசாமல், முதிர்ந்த ஒரு ஊழியரிடம் ஆலோசனை கேட்டு ஜெபித்து நடவுங்கள். நம் மனப்பாரத்தை இறக்கிவைக்க அடுத்தவர் தலையில் கல்லைப் போடக்கூடாது.

கடைசியாக, இந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டு, எனக்குத் தரவேண்டிய இன்னார் இதைப் படிக்கவேண்டுமே என்று தேடாதிருங்கள். நான் உங்களுக்காக எழுதினேன். அவருக்குக் கர்த்தர் வேறு வழியில் பேசுவார்.

மதினி திரும்ப வந்தார்களா என்று கேட்பீர்கள். இரண்டு வெள்ளிக்கிழமை வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு மகள் பிரசவத்துக்காக வெளியூர் போனவர்கள், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். அந்த ஆத்துமாவின் நாலு வருஷத்தை நான் திருப்பிக் கொடுக்க முடியாது. அதற்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கணக்குப் போடவும் முடியாது. அதைக் கர்த்தருடைய இரக்கத்தில் விட்டிருக்கிறேன். அவர்களுக்காக இப்போதும் ஜெபிக்கிறோம். ஆனால் ஜெபம் மாறியிருக்கிறது.

அண்ணாச்சி சபைக்கு வருவதில்லை. ஆனால் போன வருஷம் ஒரு வேலைக்கு மெஷின் தேவைப்பட்டபோது, நான் கேட்கத் தயங்கி நிற்கையில் அவரே பெட்டியை எடுத்துக் கொடுத்தார். "கொண்டு போ. கரிஞ்சா சொல்லு" என்றார்.

சிந்திக்க:
1. உங்கள் வீட்டில் இப்போது இருக்கிற இரவல் பொருட்கள் எவை? புத்தகம், பாத்திரம், ஏணி, குடை, எதுவானாலும் ஒரு தாளில் எழுதுங்கள்.
2. தீர்க்காத பாக்கி யாருக்கு உண்டு? சங்கீதம் 37:21, ரோமர் 13:8 வாசியுங்கள்.
3. உங்களிடம் வேலை செய்தவருக்குக் கூலி நிற்கிறதா? உபாகமம் 24:14,15, யாக்கோபு 5:4 வாசியுங்கள்.
4. உங்கள் மனசுக்கு நீங்களே சொல்லிக்கொண்ட சமாதானம் என்ன?

ஜெபம்: பரலோகப் பிதாவே, எங்களால் தீர்க்கமுடியாத கடனை உம்முடைய குமாரனின் இரத்தத்தினாலே தீர்த்தீரே, உமக்கு ஸ்தோத்திரம். எங்கள் கையில் இருக்கிற அயலானுடைய பொருளை எங்களுக்குக் காட்டும். விழுந்த இடத்தைச் சொல்ல எங்களுக்குத் துணிவு தாரும். நாங்கள் போகிற வாசலில் உம்முடைய ஆவியானவர் எங்களுக்கு முன்பாக நிற்பாராக. எங்களாலே இடறினவர்களுக்கு இரங்கும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.